பினாங்கில் பத்து நாள், அதில் ஆறு நாள் பேசாமல்

முதல் நாள்

காலை ரயிலில் கேஎல் சென்ட்ரலில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கியபோது மதியம் தாண்டிவிட்டது. சித்தி மகன் பாலம் வழியாகக் காரில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். பினாங்குக்கு வந்தால் ஃபெரியில்தான் உள்ளே போகவேண்டும் என்பது அம்மா வைத்த சட்டம்.

வானம் தெளிவாக இருந்ததால் வடக்கே ஜெராய் மலை நன்றாகத் தெரிந்தது. அந்த மலையின் அடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் பழைய கடாரம். கடாரம் என்றதும் நமக்கெல்லாம் ராஜேந்திரன் படையெடுத்த 1025தான் நினைவுக்கு வரும், ஆனால் அதற்குச் சுமார் இருபது வருடம் முன்னால் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்று ஒரு பெரிய புத்தப் பள்ளி கட்டியதும், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக்கொடுத்ததும் லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. சிவன் கோயில் கட்டிய அதே கைதான் புத்தப் பள்ளிக்கும் ஊர் கொடுத்தது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இந்தப் பத்து நாள் பயணத்தில் ஆறு நாள் நான் ஒரு பௌத்த தியான நிலையத்தில் தங்கப்போகிறேன், கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள், "அது சீனவங்க இடமாச்சே, நமக்கென்ன அங்க?"

குளுகோரில் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்து கால் கழுவுவதற்குள் சித்தியும் கேட்டுவிட்டார்.

"மதம் மாறப் போறியாம்மா?"

"இல்ல சித்தி. உக்காரப் போறேன். அவ்வளவுதான்."

"உக்காரதுக்கு ஆறு நாளா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா பக்கவாதம் வந்து நாலு வருடம் படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரி முறை எப்போதும் என்னுடையது. அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னமும் விடியற்காலை மூன்று மணிக்கு என் உடம்பு எழுந்து உட்கார்ந்துவிடுகிறது, "பாப்பா" என்று கூப்பிடுகிற குரலும் கேட்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையால் ஒரு மாதம் தூங்கினேன், நிறுத்தினதும் மறுபடியும் மூன்று மணி. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் மகா விகாரை 1894லிருந்து இருக்கிறது, அந்த வழியாக எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பியும் இருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. இந்தத் தடவை ஊர் தாண்டி வந்தாவது உள்ளே போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாம் நாள்

காலை முழுக்க லோரோங் பர்மா. பூலாவ் டிக்குஸ் பக்கம் மண்டலே, மௌல்மீன், சால்வீன் என்று தெருவுக்குத் தெரு பர்மியப் பெயர்தான். அங்கே ஒரே சந்தில் எதிரும் புதிருமாக ஒரு சயாம் கோயிலும் ஒரு பர்மியக் கோயிலும் இருக்கின்றன. சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள் இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சயாம் கோயிலான வாட் சாயமங்களாராமில் 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சாய்ந்து படுத்திருக்கிறார். எல்லோரும் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலையின் பின்பக்கம் சுற்றி வாருங்கள், சின்னச் சின்ன மாடங்களில் இறந்தவர்களின் அஸ்திக் கலசங்கள், மேலே புகைப்படம், பெயர். ஒரு மாடத்துக்கு முன்னால் வயதான ஒரு சீன அம்மா துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் நகர்ந்து வழி விட்டேன், தலையை அசைத்துவிட்டு மறுபடியும் பேச்சைத் தொடர்ந்தார்.

இந்தக் கோயிலின் முதல் தலைமைத் துறவிக்கு அசாம் லக்சா, அதாவது புளிப்பான மீன் குழம்பில் போடும் நூடுல்ஸ், என்றால் உயிராம். இன்றைக்கும் பக்தர்கள் அவர் சந்நிதியில் லக்சா கிண்ணம் வைத்துக் கும்பிடுகிறார்கள். இதைச் சொன்ன டாக்சிக்காரர் இது பெரிய விசித்திரம் என்று நினைத்துத்தான் சொன்னார், எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. போன வருடம் கருமாதி அன்று அம்மாவுக்குப் பிடித்த நண்டு ரசத்தையும் கோப்பி ஓவையும் (பால் சேர்க்காத காப்பி) இலையில் வைத்துத்தானே படைத்தோம்.

எதிரே தம்மிகாராமா, 1803லிருந்து இருக்கிற பர்மியக் கோயில். உள்ளே நின்ற கோலத்தில் பொன்னிறப் புத்தர், ஒரு கை "பயப்படாதே" என்று உயர்ந்திருக்கிறது. நம் கோயிலில் பார்த்துப் பழகின அதே அபய முத்திரை. சுற்றிவரும் வழியில் சித்தார்த்தரின் வாழ்க்கை ஓவியங்களாக இருக்கிறது: கிழவர், நோயாளி, பிணம், துறவி. அந்த நோயாளி ஓவியத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அரச மரத்தடியில் பெஞ்ச் இருக்கிறது, உட்காரலாம், யாரும் வந்து எதுவும் கேட்பதில்லை.

மாலையில் கம்பார் சாலையில் மகிந்தாராமா. 1918ல் தொடங்கிய சிங்களப் பாரம்பரிய விகாரை, அசோகரின் மகன் மகிந்தரின் பெயர். மாலை பூஜையில் பாலி மொழியில் ஓதும்போது பாதிக்கு மேல் காதுக்குப் பழகின சொற்களாகவே விழுந்தன: சரணம், தம்மம், சங்கம், மங்கலம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் என் கையில் புத்தகம் இல்லாததைப் பார்த்துத் தன்னுடையதை நகர்த்தி விரலால் வரியைக் காட்டிக்கொண்டே வந்தான். "நீங்கள் பௌத்தரா" என்று கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், மதியத்துக்கு முன்

சீக்கிரம் எழுதிவிட்டு ஃபோனை அணைக்கவேண்டும்.

காலையில் ஆயர் ஈத்தாம் போய் கெக் லோக் சி பார்த்தேன். கூட்டம், படிக்கட்டு, கடைகள். ஏழு நிலை கோபுரம் 1930ல் முடிந்தது, அடிப்பகுதி சீன பாணி, நடு சயாம், உச்சி பர்மா, மூன்று நாட்டுக்காரர்கள் ஒரே கோபுரத்தில். மேலே 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின். இவர்தான் நம் பக்கத்து அவலோகிதர், கருணையின் வடிவான போதிசத்துவர், அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று பழைய தமிழ் பௌத்தர்கள் நம்பிய அதே அவலோகிதர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் அங்கே எனக்கு ஓடவில்லை, மனம் முழுக்க தியான நிலையத்தில் போய்ச் சேரவேண்டிய மாலை மூன்று மணியில் இருந்தது.

பையில் இருப்பது: வெள்ளைச் சட்டை நாலு, வெள்ளைக் கைலி இரண்டு, சால்வை, கொசு மருந்து, முட்டிக்குத் தைலம், அம்மாவின் சின்னப் படம். புத்தகம் இல்லை, நோட்டு இல்லை. எழுதுவதையும் படிப்பதையும் விடச்சொல்கிறார்கள். அடுத்து எழுதுவது ஒன்பதாம் நாள்தான்.

ஒன்பதாம் நாள், இரவு

வந்துவிட்டேன். சித்தி வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபோன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது.

நிலையத்தின் பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் பேசாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீவுக்குள்தான், பெரிய சாலையிலிருந்து கொஞ்ச தூரம், மோட்டார் சைக்கிள் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மஹாசி முறை. பர்மாவின் மஹாசி சயாடோ (1904 முதல் 1982 வரை) சொல்லிக்கொடுத்த விபாசனா வழி இது, 1949ல் ரங்கூன் நிலையத்துக்கு அவர் வந்த பிறகு அங்கிருந்து தாய்லாந்து, இலங்கை என்று பல நாடுகளுக்குப் போனது. வயிறு ஏறுவதையும் இறங்குவதையும் கவனிக்கவேண்டும், ஒவ்வொன்றையும் மனதுக்குள் மெல்லப் பெயர் சொல்லிக் குறிக்கவேண்டும். வேறு எதுவாவது வந்தால், வலி, சத்தம், நினைப்பு, அரிப்பு எதுவாக இருந்தாலும், அதையும் குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்பவேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்வது, ஒரு மணி நேரம் நடப்பது, மறுபடியும் உட்கார்வது. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ராத்திரி பத்து வரை இதுதான்.

முதல் நாள் மாலை எட்டு சீலம், அதாவது எட்டு ஒழுக்க விதிகள், எடுத்துக்கொள்ளவேண்டும், அதில் ஒன்று நடுப்பகலுக்குப் பிறகு சாப்பிடக்கூடாது என்பது. மாலையில் ஏதாவது பானம் கொடுப்பார்கள். முதல் இரண்டு ராத்திரி பசியில் வயிறு முறுக்கியது, மூன்றாம் நாள் அது தானாகப் போய்விட்டது. நம் வீடுகளில் சஷ்டிக்கும் கிருத்திகைக்கும் விரதம் இருந்து பழகினவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

நாங்கள் பதினெட்டுப் பேர். பெண்கள் பக்கம் பெரும்பாலும் மலேசியச் சீனர்கள், அப்புறம் வியட்நாமிலிருந்து இருவர், ஒரு ஜெர்மன் பெண், இலங்கையிலிருந்து ஒரு அம்மா, நான். தமிழர் நான் மட்டும்தான். பதிவுப் படிவத்தில் மதம் கேட்கவில்லை. மனநோய்க்கு மருந்து எடுக்கிறீர்களா, தூக்க மாத்திரை உண்டா, முன்னால் தியானம் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அதை மறைக்காமல் எழுதுங்கள். நான் எழுதினேன், பந்தே (கற்றுக்கொடுக்கும் துறவியை அப்படித்தான் அழைக்கிறோம்) அதைப் படித்துவிட்டு முதல் சந்திப்பிலேயே, முடியவில்லை என்றால் உட்கார்வதைக் குறைத்து நடப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிற விஷயம். விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். அதனால் நானும் முதல் நாள் முழுக்க "ரைசிங், ஃபாலிங்" என்றே குறித்துக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல ஒட்டாமலேயே இருந்தது. இரண்டாம் நாள் காலை இடது முட்டியில் வலி ஊசி மாதிரி ஏறினபோது வாய்க்குள் தானாக "வலிக்குது" என்று வந்துவிட்டது. "வலிக்குது, வலிக்குது." வந்த பிறகுதான் கவனித்தேன், அந்தச் சொல்லுக்குள் நான் இல்லை. வலிக்குது, அவ்வளவுதான். பசிக்குது. அரிக்குது. தூக்கம் வருது. வேர்க்குது. எதிலும் நான் இல்லை, ஏதோ ஒன்று நடக்கிறது, நடந்து முடிகிறது. பந்தே முந்தின நாள் ராத்திரி ஒரு மணி நேரம் பேசியதும் இதைத்தான்: வலி இருக்கிறது, வலியை அறிவது இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் "என் வலி" என்று தூக்கிப் பிடிக்க ஆளைத் தேடாதே. அதை நாம் குழந்தையிலிருந்து தினமும் வாயால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம்!

நடக்கும்போதுதான் சிக்கல். "நடக்கிறேன்" என்றால் "ஏன்" என்ற விகுதியில் நான் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் கால் எழும்புது, நகருது, படியுது என்று மாற்றிக்கொண்டேன். சிமெண்டுத் தரையில் வெறுங்கால், பத்து அடி போய்த் திரும்பிப் பத்து அடி வரவேண்டும். எழும்புது, நகருது, படியுது. மூன்றாம் நாள் சாயங்காலம் நல்ல மழை, தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் கால் படிவதும் தரையின் குளிர்ச்சியும் மட்டும் இருந்தன, வேறு எதுவுமே இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு பொழுது எனக்கு இருந்ததில்லை.

பந்தேயிடம் மறுநாள் இந்த மொழி விஷயத்தைச் சொன்னேன். ஆங்கிலத்தில் முடிந்தவரை விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நல்லது, எது உங்கள் தாய்மொழியோ அதிலேயே குறியுங்கள், அதுதான் வேகமாக வரும் என்றார். அப்புறம், "இப்போது இதைப் பற்றி நிறைய யோசிக்கிறீர்கள், அந்த யோசனையையும் குறித்தீர்களா?" என்று கேட்டார். குறிக்கவில்லைதான்.

அந்த மூன்று மணி விஷயத்துக்கு வருவோம். நிலையத்திலும் உடம்பு மூன்று மணிக்கு எழுந்தது, குரல் கேட்டது. முதல் மூன்று ராத்திரியும் வழக்கம்போல் எழுந்து உட்கார்ந்து அழுதேன், சத்தம் வெளியே போகாமல். நாலாம் நாள் சந்திப்பில் இதைச் சொன்னேன். நாலு வருடம், புரட்டிப் போடுவது, கடைசி ராத்திரி நான் அசந்து தூங்கிவிட்டது, மூன்று மணிக்கு எழாமல் ஐந்துக்கு எழுந்தது, அதற்குள் அம்மா போயிருந்தது, எல்லாவற்றையும். இதை என் அண்ணனிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பந்தே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குரலை எப்படிக் குறிக்கிறீர்கள் என்றார். அம்மா கூப்பிடுகிறார் என்று, என்றேன்.

"அம்மா என்பது வேண்டாம், கூப்பிடுகிறார் என்பதும் வேண்டாம். காதில் என்ன நடக்கிறது?"

"கேட்குது."

"அது போதும். அழுகை வந்தால்?"

"அழுகை வருது."

"நிறுத்தப் பார்க்காதீர்கள். வருது என்றால் வரட்டும்."

அன்று ராத்திரி மூன்று மணிக்குக் கண் திறந்தது. பாப்பா. கேட்குது, கேட்குது. நெஞ்சு அடைக்குது. சூடா இருக்குது. அழுகை வருது. வந்தது, நிறைய வந்தது. ஆனால் முன்பெல்லாம் அழுகைக்குப் பின்னால் அந்தக் கடைசி ராத்திரியின் படம் ஓட ஆரம்பிக்கும், தூங்கினாயே தூங்கினாயே என்று, அன்று அந்தப் படம் ஓடுவதற்கு முன்னாலேயே "நினைப்பு வருது" என்று குறித்துவிட்டேன், அது நின்றது. போகவில்லை, நின்றது. வயிற்றுக்குத் திரும்பினேன். ஏறுது, இறங்குது. நாலு மணி அடித்தது, எழுந்து முகம் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அடுத்த இரண்டு ராத்திரியும் மூன்று மணிக்கு விழிப்பு வரத்தான் செய்தது. அந்த மூன்று மணியைப் பார்த்து எனக்கு இருந்த பயம் குறைந்திருக்கிறது, அதை மட்டும் உறுதியாகச் சொல்லமுடியும்.

இன்று காலை கடைசி நாள். மதிய உணவு தானம் ஒரு சீனக் குடும்பத்தினுடையது, தாத்தாவின் நினைவு நாளாம், பேரப்பிள்ளைகள் வரை வந்திருந்தார்கள். ஆறு நாளும் இப்படித்தான் சாப்பிட்டோம், தினமும் யாரோ ஒருவர் யாரையோ நினைத்துப் போட்ட சோறு. தங்குவதற்கும் கற்றுக்கொடுப்பதற்கும் கட்டணம் கிடையாது, உண்டியலில் நம்மால் முடிந்ததைப் போடலாம். சாப்பாட்டுக்கு முன் துறவிகள் ஓத, அந்தக் குடும்பம் ஒரு கிண்டியிலிருந்து கிண்ணத்துக்கு மெல்லத் தண்ணீர் ஊற்றியது. "இதம் மே ஞாதீனம் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ." இந்தப் புண்ணியம் என் உறவினருக்குப் போகட்டும், என் உறவினர் சுகமாக இருக்கட்டும். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைப் பொறுப்பில் இருக்கும் அம்மா, ஆறு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் குடும்பத்தோடு உட்காரவைத்து, இன்னொரு கிண்டியை என் கையில் கொடுத்தார்.

அம்மாவுக்குக் காரியம் செய்தது அண்ணன். தண்ணீர் ஊற்றியது, பிண்டம் வைத்தது, கடலில் கரைத்தது எல்லாம் அவர்தான், பெண்பிள்ளை செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் மேல் குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் செய்தார். ஆனால் நாலு வருடம் அம்மாவுக்கு வாயில் தண்ணீர் கொடுத்த கை என்னுடையது, அந்தக் கை இன்றைக்குத்தான் அம்மாவுக்கென்று தண்ணீர் ஊற்றியது. கை நடுங்கியது, கொஞ்சம் பாயில் சிந்தியது. கிண்ணத்துத் தண்ணீரை வெளியே மாமரத்தடியில் கொண்டுபோய் ஊற்றச்சொன்னார்கள், ஊற்றிவிட்டு வந்து சாப்பிட்டேன்.

பத்தாம் நாள்

போக விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் எழுதிவைக்கிறேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், நேரே போய் நிற்காதீர்கள். முதல் தடவை என்றால் ஒரு வார இறுதி போதும். முட்டி வலிக்காரர்கள் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தமிழிலேயே விளக்கம் வேண்டும் என்றால் எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியர் சொல்லிக்கொடுத்த விபாசனா முறையில் பத்து நாள் பயிற்சிக்கான பதிவுரைகள் தமிழில் இருக்கின்றன, அந்த முறைக்கு மலேசியாவில் குவாந்தான் பக்கம் கம்பாங்கில் தம்ம மலாயா இருக்கிறது, தமிழ்நாட்டில் சென்னையிலேயே தம்ம சேது இருக்கிறது. மஹாசி முறையும் கோயங்கா முறையும் ஒன்றல்ல, ஒன்றில் இருக்கும்போது மற்றதைக் கலக்காதீர்கள். சமீபத்தில் பெரிய இழப்போ மனச்சோர்வோ இருந்தால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

சித்தியிடம் நேற்று ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசி ராத்திரி உட்பட. சித்தி ஒன்றும் பேசாமல் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். காலையில் தோசை சுட்டுக்கொண்டே கேட்டார், "அந்தச் சாப்பாடு போடுறது, யாரு வேணா போடலாமா?"

"போடலாம் சித்தி. தேதி மட்டும் சொல்லிவைக்கணும்."

"அக்கா திதி அடுத்த மாசம் வருதுல்ல."

நம்பரைக் கொடுத்தேன். சித்தி ஜெலுத்தோங் மார்க்கெட்டில் முப்பது வருடம் பூக்கடை வைத்திருந்தவர், இங்கே சீனர்கள் பேசும் ஹொக்கியன் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. அந்தச் சமையலறை அம்மாவோடு பத்து நிமிடமாகச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்கிறார், முப்பது பேருக்கு சாம்பார் வைத்தால் போதுமா, புளிக்குழம்பும் வேண்டுமா, வெங்காயம் பூண்டு சேர்க்கலாமா என்று. சேர்க்கலாம் சித்தி, அங்கே அதற்குத் தடை இல்லை என்றேன். கேட்டுவிட்டு மறுபடியும் ஹொக்கியனுக்குப் போய்விட்டார்.